ஒன்றரை

தோர்னியோ பழஞ்சாமான் சந்தையில் எண்பது யூரோ.
விற்றவன் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்:
"உள்ளே கண்ணாடிக் குழல் கிடையாது.
ஒளிராது, உடையாது.
பனியில் காரோடு விட்டாலும்
போட்டதும் பேசும்."
சொன்னபோது அவன் மூச்சு
எங்கள் நடுவே வெள்ளையாய் நின்றது.

இருபத்திரண்டு கிலோ.
கெமியில் என் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்திருந்ததால்
வரமாட்டேன் என்கிற குடிகாரனை இழுப்பதுபோல
படிக்குப் படி
தொடையில் இடித்து இடித்து ஏற்றினேன்.

யூஸோ சிரித்தான். அவனிடம் இருப்பது வால்வு ஆம்ப்.
"டிரான்சிஸ்டருக்கு ஆன்மா இல்லை, ராய்யா."
அவனுடையது சூடேறவே இரண்டு நிமிடம்,
ஆன்மா தெரிய வேண்டுமென்றால்
அடுத்த தெருவுக்கும் கேட்க வேண்டும்.
எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
பகல் இரண்டுக்கு எழுபவள்.
ஒன்றரையில் வைத்தால்
ஒன்றரையாகவே இருக்கிற ஒன்று போதும்.

ஒன்றில் சத்தமே வராது.
இரண்டில் சுவர் அதிரும்.
நடுவில் குமிழ் அந்த இடத்தைக் கடக்கையில்
கடுகு பொரியும்.
பழகிவிட்டது,
பூட்டில் சாவி இடறும் இடம்போல.

ஒரு சாயங்காலம் எதிரொலியை முழுக்கத் திருகிவிட்டு
முழங்காலால் தெரியாமல் இடித்தேன்.
உள்ளே சுருள்வில்கள் குலுங்கின:
தகரக் கூரைமேல் இடி.
கதவு தட்டும் சத்தம் உடனே.

கீழ்வீட்டு புல்க்கினென்,
கம்பளிக் காலுறையோடு நின்றார்.
"இடியைப் பற்றி இல்லை.
என் அலமாரியில் ஒரு மதுக்கிண்ணம்
உன் ஏதோ ஒரு சுரத்துக்கு நடுங்குகிறது.
நகர்த்தி வைத்தேன்.
அடுத்த கிண்ணம் நடுங்குகிறது."
கோபமில்லை. வானிலை வாசிக்கும் குரல்.

ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றினேன்.
அடியில் ஆஸ்பத்திரித் துண்டு, நான்காய் மடித்து
(திருப்பித் தர வேண்டியதுதான்).
பாஸைக் குறைத்தேன்.
வியாழனன்று படிக்கட்டில் எதிர்ப்பட்டார்.
"இன்னும்" என்றார்.
இரண்டு படி இறங்கி,
"நேற்றிரவு, மூன்று மணிக்கு."

நேற்றிரவு மூன்று மணிக்கு
நான் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.

அவர் அலமாரி முன்னால் இருவரும் முழங்காலிட்டோம்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
என் முட்டி வலித்தது, அவருடையது சொடுக்கியது.
பிறகு சுவருக்கு அந்தப் பக்கம்
குளிர்பெட்டி உறுமி விழித்தது,
கிண்ணத்துக்குப் பல் தந்தியடித்தது.

அவர் குளிர்பெட்டி இருக்கும் திசையைப் பார்த்தார்,
பிறகு என்னை.
"பதினெட்டு வருடமாய் இருக்கிறது" என்றார்.
மன்னிப்புக் கேட்டாரா,
அதை எனக்கு அறிமுகம் செய்தாரா, தெரியவில்லை.
காபி ஊற்றினார். குடித்தோம்.

மேலே வந்து ஆம்ப்பைப் போட்டேன்.
கம்பியைத் தொடவில்லை.
வாங்கிய நாள்முதல் குறையென்று நினைத்திருந்த
அந்த அடித்தொண்டை முனகல்:
கீழ்வீட்டுக் குளிர்பெட்டியின் அதே குரல்.
ஒரே மின்சாரம்தானே,
மாடிப்படி விளக்கிலும்
தரைத்தளத்துச் சலவை எந்திரத்திலும்
நாங்கள் எல்லோரும் தூங்கும்போதும்
கட்டடம் ஒரே சுதியில் இருந்திருக்கிறது.

ஆறாம் கம்பி, மூன்றாம் ஃப்ரெட். ஜி.
சேரவில்லை.
விநாடிக்கு இரண்டு அலை,
கால் மாற்றி நடக்கும் இருவர்போல.
சுதி காட்டும் கருவி பச்சையில் நின்று
தப்பு உன்மேல் இல்லை என்றது.

முறுக்காணியை ஒரு மயிரிழை ஏற்றினேன்.
அலை நீண்டது.
இன்னும் கொஞ்சம்.
சோம்பியது,
நின்றது.
கருவியில் சிவப்பு.

மற்ற ஐந்து கம்பிகளையும் அதற்கே ஏற்றினேன்.
யூஸோ தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தால்
இனி என்னோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

குமிழைத் திருகினேன்.
கடுகு பொரிந்தது.