ஆமைக்கு ஏது சோத்துக்கை

கோண்டாவில் பள்ளிக்கூடத்தில்
எனக்கும் தர்மிகாவுக்கும் ஒரு கணினி.
மவுஸ் அவளிட்ட. வீட்டுக்கு வழி என்னட்ட.

சோத்துக்கைப் பக்கம் திருப்பு என்றன்.
ஆமைக்கு ஏதடா சோத்துக்கை?
'வலம் 90' என்று தட்டினாள்.

எங்கட ஒழுங்கை தொண்ணூறில் திரும்பாது.
ஐயனார் கோயில் மதிலோடு கொஞ்சம் சரிஞ்சு
மதகடியில் ஒருக்கா யோசிச்சு
பிறகுதான் திரும்பும்.

எழுபத்திரண்டு போட்டாள்.
ஆமை பரியாரியார் வீட்டுக் கிணத்துக்குள்ள.
எண்பத்தொன்று.
வெங்காயப் பாத்திக்குள்ள.
எழுபத்தாறு.
ஓம், இதுதான், இதேதான்
என்ர சைக்கிள் செயின் கழருற இடம்!

'நாய் துரத்தினால்' என்றொரு கட்டம் இழுத்து வைச்சம்.
அதுக்குள்ள என்ன போடுறதெண்டு
பாதிப் பாடம் சண்டையிலே போச்சு.
அவள் 'ஓடு' என்றாள்.
நான் 'நில்' என்றன்,
ஓடிக் கடிபட்டவன் சொல்லுறன்.

மணி அடிக்கிற நேரம் ஓடவிட்டம்.
இருபது நிமிச வழி, ஆறே செக்கன்.
எங்கட வாசலுக்கு வந்து நிண்டது.
நிண்டுகொண்டே இருந்தது.

'படலையைத் திற'
ரெண்டு பேரும் எழுதேல்லை.
அடுத்த கணினிப் பாடம் செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்தன்.
படலையைச் சாத்தாமல் விட்டதுக்கு
அம்மா ஏசினா.