கிழிக்காத தாள்

குருபரப்பள்ளி எடைமேடைக்குப் பின்னால்
நாற்பதடி டிரெய்லர் ஒன்று காலியாக நின்றது.
அதன்மேல்தான் விரித்தோம்,
நானும் சென்னகேசவன் மகள் யசோதாவும்.
மேசையில் அடங்காது என்றாள்.
டிரெய்லரிலும் அடங்கவில்லை.
மூன்று முறை திருப்பிப் போட்டும் மிச்சம் தொங்கியது.

கம்ப்யூட்டர் தாள். இரண்டு ஓரமும் துளை,
ஈர மண்ணில் சைக்கிள் போன மாதிரி.
ஆபீஸ் குப்பையில் போட வேண்டிய கட்டு;
பின்பக்கத்தில் எழுதியிருக்கிறான், எங்கேயும் கிழிக்காமல்.
பத்தி இல்லை. அத்தியாயம் இல்லை.
டீ குடிக்க எழுந்த இடங்களில் மட்டும்
முற்றுப்புள்ளி. பக்கத்திலேயே டம்ளர் வட்டம்.
ஒரு மாங்காய் சீசன் முழுக்க
நைட் ஷிப்டில், வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே.

அச்சில் வந்தது என்னிடம் இருக்கிறது. ஏழாம் பதிப்பு.
காலேஜில் பாடம் வைத்திருக்கிறார்களாம்.
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் ஒரு பையன்
என்னிடமே கேட்டான்:
"அதுல வர்ற டிரைவர் ரகுபதி மாதிரி
நெசமா ஒருத்தன் இருப்பானாண்ணா?"
நான் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தாளில் ரகுபதி இல்லை.
வரிக்கு வரி திம்மராயன்.
திம்மராயன் நாக்பூரில் ஆரஞ்சு திருடினான்.
திம்மராயனுக்கு ராத்திரியில் இடது கண் கொஞ்சம் மந்தம்.
அழுகை வந்தால் திம்மராயன் ஹாரன் அடிப்பான்.
அது
யாருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தேன்.

கிளீனர் மாதையனும் மாதையனாகவே இருக்கிறான்.
பாலக்கோட்டுக்காரன், பதினேழு வயது,
சட்டையில் எப்போதும் தக்காளி மண்டி வாடை.
புத்தகத்தில் அவன் பெயர் சின்னு.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், தொப்பூர் இறக்கத்தில்,
பின்டயர் வெடித்துச் செத்துப்போகிறான்.

டிரெய்லர்மேல் முட்டி போட்டு நகர்ந்து
தொப்பூரைத் தேடினேன்.
தாள் இரண்டாவது முறை திரும்பும் இடத்தில் இருந்தது.

டயர் வெடிக்கவில்லை.
"திம்மராயன் தூங்கினான்."
அதை அடித்து, "கண் அசந்தான்."
அதையும் அடித்து, "இமைத்தான்."
அதையும் அடித்து, மறுபடி "தூங்கினான்."
அந்தப் புள்ளியில் பேனா தாளைப் பொத்திருந்தது.

யசோதா ஒன்றும் கேட்கவில்லை.
லாரி ஒன்று கடந்த காற்றில் தாள் எழும்பிப்
பின்பக்கம் திரும்பியது.
ரிப்பன் தேய்ந்த மங்கல் எழுத்து:
எங்கள் வண்டி எண். கிரானைட் பிளாக், இரண்டு.
இரவு இரண்டு பத்து.
மொத்த எடை நாற்பத்தொரு டன்.

எனக்கு அவன் அன்றைக்குக் கொடுத்த சீட்டில் முப்பத்தொன்று.
ஓனர் போன் போட்டிருப்பார். இவன் வேறொன்று அடித்துத் தந்திருப்பான்.
பத்து வருஷம் அந்தச் சீட்டு என் பர்ஸில் இருந்தது,
மடிப்பில் மடிப்பில் எண்கள் உதிர்ந்து.

அந்த வரி எழுத
இந்த இடம் வரட்டும் என்று காத்திருந்தானா?
தானாக வந்து விழுந்ததா?
போன ஐப்பசியில் எரித்தாயிற்று, கேட்க முடியாது.
தப்பைச் சொல்லாமல் விட்டானென்றும் சொல்ல முடியாது.
என்னுடையதை மசியில் வைத்தான்,
தன்னுடையதை அதன் முதுகில்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து வருகிறார்கள்.
கண்ணாடிப் பெட்டி கொண்டுவருவார்களாம்.
முழுசும் விரிக்க இடமில்லை,
நாலடிதான் வெளியே தெரியும்.
"எந்த நாலடின்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

தொப்பூரை மடித்தேன்.
பின்னோக்கி, துளை துளையாக,
தர்மபுரி, காரிமங்கலம், டோல்கேட், இந்த மேடை,
அதற்கும் முன்னால் போனேன்.
ஹிரியூர் தாண்டி ஒரு மத்தியானம்:
மாதையன் டேஷ்போர்டில் கால் நீட்டி
மாங்கொட்டை சப்புகிறான். முழங்கை வரை சாறு.
"ஏண்ணா, டெல்லியில கடல் இருக்குமா?"
அதற்கப்புறம் ஒரு டம்ளர் வட்டம்.

இது, என்றேன்.

பின்னால் எடைக்கு வந்த வண்டி ஒன்று
வழி கேட்டு ஹாரன் அடித்தது.
விடாமல் அடித்தது.
யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.