தலையீற்று

பஞ்சிகாவத்தையில் பகலில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.
இரும்பு அறுக்கிற சத்தத்துக்கு மேலே ஏறி நின்றுதான்
விலை சொல்லவேண்டும்.
நான் கணக்கெழுதும் மேசைக்குப் பின்னால்
கார்க் கதவுகள் மட்டும் நாற்பத்தொன்று,
எந்தக் காருடையவை என்று அவற்றுக்கே மறந்துவிட்டது.
அவற்றுக்கு அடியில்தான் சூட்டி குட்டி போட்டாள்.

ஐந்து.
வியாழன் காலை எண்ணியபோது நான்கு.
பத்து மணிக்கு மூன்று.
மிஞ்சிக் கிடந்ததை நிஸ்தார்
பழைய பில்லொன்றில் சுற்றி எடுத்துப்போனான்.
பில்லில் என் கையெழுத்து:
பின் விளக்கு, இடது, ஒன்று.

"பெத்ததைத் தின்டுட்டுது, இதெல்லாம் ஒரு தாயா"
என்றார் முதலாளி.
அடித்துத் துரத்தச் சொன்னார்.
அடிக்க ஒருவரும் கிட்டப் போகவில்லை.
அவள் வாயோரம் ஈரமாக இருந்தது,
கண் எங்கள் ஒருவரிலும் இல்லை.

நுகேகொடையிலிருந்து வந்த டொக்டர்
சின்னப் பெண். உடைந்த தமிழ்.
நாயைப் பார்க்கமுதல் எங்களைப் பார்த்தாள்.
முதல் தரமா?
முதல் தரம்.
யார் யார் குட்டி தூக்கினது?
ஒருவரும் பேசவில்லை.
பொடியன்கள் எல்லாரும்தான்,
போன் வெளிச்சம் அடித்து,
கிரீஸ் கையோடு,
ஒவ்வொன்றாகத் தூக்கி வீடியோ எடுத்திருந்தார்கள்.
என்ன சாப்பாடு?
பாண் கரை. பருப்புத் தண்ணி.
இந்தச் சத்தம் எந்த நேரமும் இருக்கா?
இது பஞ்சிகாவத்தை, மிஸ்.

கொடியைக் கடித்து அறுக்கிற வாய்தான் அது,
என்றாள் கையுறையைக் கழற்றியபடி.
எங்கே நிறுத்துறது என்று
சிலதுக்கு முதல் தரம் தெரியாது.
ஒன்று குளிர்ந்து பிறந்திருக்கும்.
பயந்திருக்கும். பால் வந்திராது.
சில நேரம் நாங்களும் கண்டுபிடிக்கிறதில்லை.
பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:
கெட்ட நாய் இல்லை, அக்கா.

கல்சியம் வில்லை, முந்நூற்றி எண்பது.
மற்றச் செலவு என்ற பத்தியில் எழுதினேன்.
எழுதிய கை
மேசைக் கத்தரிக்கோலின் மேல் போய் நின்றது.

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
மகள் பிறந்து பதினோராம் நாள்.
அவர் கப்பலில். அம்மா வவுனியாவில்.
பிள்ளை நிறுத்தாமல் அழுதது என்று சொல்லலாம்,
ஆனால் அன்றைக்கு அவள் அழவேயில்லை.
நித்திரையாகக் கிடந்தாள்.
எனக்குத்தான் கண்ணை மூடினால்
என் கை செய்வதெல்லாம் தெரிந்தது.
வீட்டிலிருந்த கத்தரிக்கோல், இரண்டு கத்தி,
எல்லாவற்றையும் துவாயில் சுற்றிக்கொண்டு
படியிறங்கிப் போய்க் கதவு தட்டினேன்.
"வெச்சிருங்க, பிறகு வாங்குறேன்."

ஜெசிமா ராத்தா துவாயை விரித்துப் பார்க்கவில்லை.
அதன் பாரத்தை மட்டும் கையில் பார்த்தார்.
அடுத்த நாள் நான்கு மணிக்கு மேலே வந்தார்.
அதற்கடுத்த நாளும்.
பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு
"போய்ப் படுங்க" என்பார், அவ்வளவுதான்.
மரக்கறியும் அவர் வீட்டிலேயே வெட்டி வந்தது,
ஐந்து மாதம்.
இன்றுவரை ஏன் என்று கேட்டதில்லை.

நிஸ்தாரைக் கூப்பிட்டேன்.
கதவுகளைச் சுற்றி நிறுத்தினோம்,
வெளிச்சம் போகாமல், போன் போகாமல்.
மேலே லொறித் தறப்பாள்.
முட்டைகள் இரண்டு அவித்து
எட்ட வைத்துவிட்டு வந்தேன்.
கிரைண்டரை ஒரு மணித்தியாலம் நிறுத்து என்றேன்.
முதலாளி என்னைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
அரை மணித்தியாலம் கிடைத்தது.

அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.
ஒரே பத்தியை மூன்று தரம் கூட்டினேன்,
மூன்று விடை வந்தது.
பின்னால் ஏதோ ஈரச் சத்தம்.
பால் குடிக்கிற சத்தமென்றுதான் நினைக்கிறேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.