அரை அங்குலம்

போயா தினத்தில் டியூஷன் இல்லை.
வெள்ளவத்தைக் கொத்துக்கடைக்கு மேல்மாடி
அன்றைக்கு எங்களுக்கு.
கீழே தகடு அடிபடும்போதெல்லாம்
மேலே என் குதிரைப்படை ஒரு துள்ளுத் துள்ளும்.

ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு புள்ளி.
ஒன்று கூடினாலும் அஸ்மீர் விடமாட்டான்.
கிழமை நாளில் வங்கிக் கணக்கைக் கிண்டுகிறவன்
போயாவில் எங்கள் படைப்பட்டியலைக் கிண்டுவான்:
“இந்த முரசுக்காரனுக்கு எட்டுப் புள்ளி எங்கே?”

மேசை நடுவே கோடு கிழித்தால்
இடப்பக்கக் குன்று வலப்பக்கக் குன்றுக்கு இரட்டை.
கோப்பை கழுவும் ஸ்பொஞ்சில் வெட்டிய காடுகளும்
நிறுத்துப் போட்டது போல ஒரே அளவு.
மூன்று மணித்தியாலம்.
நானும் டன்ஸ்டனும் சமன்.
பக்கத்து மேசையும் சமன்.
ஒருவரையொருவர் ஏசக்கூட இல்லை.
ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீர் ஆறியதுதான்
அன்று காலை நடந்த ஒரே சம்பவம்.

நான் சமநிலைக்கு எதிரி, ஒளிக்க ஒன்றுமில்லை.
எனக்கு வேண்டியது
உடைந்த பாலம், அடைமழை,
கோவேறு கழுதை இழுக்கும் உப்பு வண்டி,
காக்க இருபது பேர், துரத்த இருநூறு.
வெல்ல ஏலாது.
எவ்வளவு நேரம் தோற்காமல் இருக்கலாம் என்பதிலேயே
ஒரு பின்னேரம் போய்விடும்.

கரண்ட் போனது.
போட்டி ஒத்திவைப்பு என்றான் அஸ்மீர்.
கைபேசி வெளிச்சத்தில் நான் மேசைகளைச் சேர்த்தேன்,
இரட்டைக் குன்றுகளைக் கலைத்தேன்,
யாரோ பிள்ளை விட்டுப்போன அடிமட்டத்தைப்
பாலமாக வைத்தேன்.
எல்லாரும் கதிரை இழுத்தார்கள்,
தவநேசன் அண்ணன் தவிர.

“பகிடிக்கு என்றால் மட்டக்களப்பிலேயே இருந்திருப்பன்.
இரவு பஸ்ஸில் குந்திக்கொண்டு வந்தது
இரண்டு பக்கமும் ஒரே தொகைதானா என்று
ஒருத்தன் எண்ணிப் பார்க்கிறதைக் காண.”

அவருக்கு இடக்காது கேளாது.
நாங்கள் வலப்பக்கம் நின்றுதான் கதைப்போம்.
ஏனென்று கேட்டதில்லை.
இந்த நாட்டுச் சண்டை மேசைக்கு வராது என்பதையும்
ஒருவரும் எழுதி ஒட்டியதில்லை.

என் பாலம் திரும்பவும் அடிமட்டமானது.
அதில் ‘7 B, நிலக்‌ஷி’ என்று கீறியிருந்தது.

நிசன்சலாதான் வாய் திறந்தாள்,
பாதி சிங்களம், பாதி தமிழ்:
பக்கம் மாறி இரண்டு தரம் ஆடுவோமே.
அவர் வலக்காதைத் திருப்பினார்.
“ஓடுறவனுக்கு அடுத்த முறை துரத்தக் கிடைக்குமோ?”
“கிடைக்கும்.”
“எழுதுங்கோ.”
அஸ்மீர் எழுதினான். திகதியும் போட்டான்.

முதலில் அவர் துரத்தினார்.
அப்படியொரு துரத்தல்!
பகடை மேசைக்குக் கீழே உருண்டது,
டன்ஸ்டன் வாயாலேயே பியூகிள் ஊதினான்,
என் இருபது பேரில் சமையல்காரன் மட்டும் மிச்சம்;
அவனும் அகப்பையோடு பாலத்தில் நின்று
மூன்று ஆறு போட்டான்.
அண்ணன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்,
விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு.
வண்டி விளிம்புக்குக் கிட்ட வந்து நின்றது.
அஸ்மீர் முழங்காலில் இருந்து
நாடாவை இரண்டு தரம் பிடித்தான்.
“அரை அங்குலம் காணாது.”

கரண்ட் வந்தது.
மின்விசிறி படைப்பட்டியல்களைப் பறக்கவிட,
பொறுக்க ஒருவரும் எழும்பவில்லை.

இப்போது ஓடுவது அவர் முறை.
இருபது பேரையும் எண்ணி வைத்தார்.
திரும்ப எண்ணினார்.
வண்டியை இரண்டு விரலால் தூக்கி
பாலத்தின் முன் இறக்கினார், முட்டை வைப்பது போல.
எதிரே இருநூறு பேரோடு நான்.
உள்ளங்கையில் பகடை நனைந்து கிடந்தது.

கீழே கொத்துச் சத்தம் திரும்பத் தொடங்கியது.
அவருடைய வண்டி
தானாகவே ஒரு நூலளவு முன்னே போனது.

நான் பார்த்தேன்.
அஸ்மீரும் பார்த்தான்,
நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டான்.