ஜாம் பாட்டில்

எத்தனை குதிரை என்று கேட்பார்கள்
அமரில்லோ பந்தயத் தடத்தில்.
அத்தனை குதிரையின் உதையையும்
வாங்கிக்கொள்ளும் கியர்பாக்ஸை
யாரும் விசாரிப்பதில்லை.

வெர்லீன் ஹட்டோ அதற்குத்தான்
மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டினாள்:
புது கிளட்ச் தட்டுகள், ஆழமான எண்ணெய்த் தொட்டி,
கிரில்லுக்குப் பின்னால் கூலர்.
போன வருட எண்ணெய் மட்டும்
ஜாம் பாட்டிலில் இருக்கிறது.
ஊற்றியபோது செம்பருத்திச் சிவப்பு.
இப்போது கறுப்பு,
தீய்ந்த ரொட்டி வாசம்.

ஜூலை அனல். ஐந்தாவது ஓட்டம்.
பாதித் தூரத்தில் முந்தியிருந்தாள்,
வெப்பமானியின் முள் கோட்டைத் தாண்டியது.
ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

பக்கத்துத் தடத்துக்காரனுக்குக் கோப்பை.

மற்றவர்கள் டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருக்க
இவள் ஜன்னலை இறக்கிவிட்டு
நாற்பது மைல் ஓட்டிப் போனாள்.
மூன்றாவது கியர் எப்போது விழுந்தது
என்றே தெரியவில்லை.