தை செங், மூன்று நாற்பது

பணிமனையிலிருந்து வேய் லியாங் கூப்பிட்டார்.
முப்பது ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கிறார்கள்,
கைக்கணினி ஒருவரையும் உள்ளே விடவில்லை.
முதல் பேருந்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

சர்வர் அறையில் வருடம் முழுக்க மார்கழி.
ஜாக்கெட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
பதிவைத் திறந்தேன். ஒரே வரி,
நானூறு முறை:
அறியப்படாத அதிகாரத்தின் கையொப்பம்.

என் மடிக்கணினியில் அதே பக்கம் திறந்தது.
பூட்டுப் படம், பச்சைப் பிள்ளைபோல் சிரிப்பு.
அதை நம்பி இருபது நிமிடம் தொலைத்தேன்.
உலாவி பழைய பழக்கத்தில் ஆமாம் சொல்கிறது.
எப்போதோ பார்த்த நடுச்சான்றிதழை
முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறது.
கைக்கணினிக்கு முந்தானை ஏது?
கொடுத்தால் உண்டு,
கொடுக்காவிட்டால் நீ யாரோ.

சங்கிலியை விரித்தேன்.
நுனி இருக்கிறது, பெயர் சரி, தேதி சரி,
கடிகாரமும் விநாடி பிசகவில்லை.
அடுத்த கண்ணியைக் காணோம்.
வியாழக்கிழமை புதுப்பித்தது யாரென்று
தேட வேண்டியதில்லை. நான்தான்.
இரண்டு கோப்புகளில் ஒன்றை ஒட்டினேன்,
லாக்சா ஆறுகிறதே என்று எழுந்துவிட்டேன்.
நேற்றிரவு மறுதொடக்கம் ஆகும்வரை
சர்வர் யாரிடமும் சொல்லாமல் பொறுத்திருந்தது.

நூர்தீன் தூக்கக் குரலில் சொன்னான்:
"சரிபார்ப்ப அணைச்சுடு லா. காலைல பாப்போம்."

அணைத்தேன்.

ஒரே ஒரு சொல்லை இல்லை என்று மாற்றுவதுதான்.
வரிசை நகர்ந்தது. வேய் லியாங்
கட்டைவிரல் படம் அனுப்பினார்.
மறுபடி நான் பூட்டும்வரை பதின்மூன்று நிமிடம்.
அந்தப் பதின்மூன்று நிமிடத்தில்
எந்தக் களவாணி வந்து நான்தான் சர்வர் என்றிருந்தாலும்
முப்பது கைக்கணினிகளும்
கடவுச்சொல்லைக் கையில் வைத்து நீட்டியிருக்கும்.
யாரும் வரவில்லை.
வந்ததாகத் தெரியவில்லை, என்பதுதான் சரி.

தொலைந்த கோப்பு என் பதிவிறக்கத்திலேயே கிடந்தது,
ஒரு மின்கட்டண ரசீதுக்கும்
அக்கா மகளின் காதுகுத்துப் படத்துக்கும் நடுவே.
ஒட்டினேன். பாதி சரியானது.
ஜாவா மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது.
வீடு முழுக்க நம்பினாலும் அது நம்பாது,
அதற்குத் தனிப்பெட்டி, தனிச்சாவி.
பெட்டியின் கடவுச்சொல்,
செய்தவன் வைத்தபடியே, 'மாற்றிவிடு'.
எட்டு வருடமாக ஒருவரும் மாற்றவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வேர்ச்சான்றிதழ்.
வழங்கியவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒன்று.
தனக்குத் தானே கையொப்பம்.
கோயிலில் இருந்தால் தான்தோன்றி என்று கும்பிடுவோம்,
தெருவில் திரிந்தால் அதே சொல்லால் திட்டுவோம்.
இதைக் கும்பிடவும் இல்லை திட்டவும் இல்லை,
விரல்ரேகை எண்ணை இரண்டிரண்டாகப் படித்து
காகிதத்தில் இருந்ததோடு ஒத்துப்பார்த்து
பெட்டிக்குள் போட்டேன்.
கேட்டது: இதை நம்பலாமா?
ஆம் என்று முழுதாகத் தட்டச்சினேன்.

நான்கு ஐம்பத்திரண்டு. பூட்டிவிட்டேன். வேலை செய்கிறது.
சம்பவக் குறிப்பில் காரணம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.
பதின்மூன்று நிமிடத்தையும் எழுதினேன்,
ஒருமுறை அழித்து, மறுபடியும்.

வெளியே நிறுத்தத்தில் புழுக்கம், கண்ணாடி மூடுபனியானது.
ஐந்தரைக்கு வந்த பேருந்தில்
சட்டையில் பெயர் குத்தியிருந்தார்: அருளாண்டு.
நான் தமிழ் என்று முகத்திலேயே படித்துவிட்டார்.
"ராத்திரி சிஸ்டம் மக்கர். பத்து வருசமா ஓட்டுறேன்,
நீ யாருன்னு கேக்குதும்மா."
அப்புறம் எப்படி விட்டது என்று கேட்டேன்.
"என்னமோ, திடீர்னு ஒண்ணுமே கேக்காம விட்டுருச்சு."

அட்டையைத் தட்டினேன்.
ஒரு பீப், மீதித் தொகை.
கதவுப்பக்க இருக்கையில் உட்கார்ந்து
அவருடைய கடவுச்சொல்லை
இன்றே மாற்றச் சொல்ல
ஒரு மின்னஞ்சல் தொடங்கினேன்.