பசை

காலையில் அவிநாசி ரோட்டு ஓட்டலில்
நிறுவன விழுமியங்கள் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன்.
கைதட்டினார்கள். போண்டா நன்றாக இருந்தது.

மாலை ஐந்தே முக்கால், கணபதி ஷெட்.
தார்ப்பாயோடு நிற்கிறார் லாரிக்காரர்.
மாதக் கடைசி.
அறுபது மோட்டாரில் பன்னிரண்டு
சோதனைத் தொட்டியில் தோற்றுவிட்டன.
முப்பது மீட்டர் தள்ள வேண்டும்;
இருபத்தேழில் முள் நின்றுகொண்டது.

"மூணு மீட்டர்தானுங்களே, ஒட்டிருங்க" என்றேன்.

மரகதாமணி மறுக்கவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டு
ஸ்டிக்கர் தாளை நீட்டினார்:
"நீங்களே ஒட்டிருங்க சார்.
எங்கூட்டு போர்லயும் இதே மோட்டார்தானுங்க."
குத்தல் இல்லை.
டீ வந்துருச்சுங்க என்பதுபோலச் சொன்னார்.

முதல் மூன்றை ஒட்டினேன்.
அதைச் சொல்லாமல் விட்டால்
இதுவும் ஒரு ஸ்டிக்கர்தான்.

நான்காவது
கட்டைவிரலோடு வந்துவிட்டது.
உதறினேன், போகவில்லை.
காங்கயத்துப் பக்கம் எங்கோ
விடியலில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக்
குழாய் வாயையே பார்த்திருக்கும் ஒருவருக்கு
என் பேர்கூடத் தெரியாது.

ஒட்டியதை நகத்தால் சுரண்டினேன்.
நாற்பத்தெட்டோடு லாரி போனது.
சேர்மன் கத்தியபோது
போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.
அடுத்த மாதம் இந்த நாற்காலி யாருக்கோ.

மரகதாமணி பாராட்டவில்லை.
தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு
காந்திபுரம் பஸ்ஸுக்கு ஓடினார்.

வெளியேறும்போது
வரவேற்பறைப் பலகையில்
'நேர்மை' என்ற பித்தளை எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
விரலில் பசை இன்னும் இருந்தது.
கொஞ்சம் தூசி ஒட்டிக்கொண்டு வந்தது.